எல்லைப்புறத்தில் எழுதிய பெண்கள்

எல்லை என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? முள்வேலி நினைவுக்கு வரும். துப்பாக்கி ஏந்திய ராணுவ வீரர் நினைவுக்கு வருவார். ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரு காலத்தில் எல்லைப்புறம் என்ற சொல்லுக்கு வேறு பொருள் இருந்தது.

ஐரோப்பாவிலிருந்து மக்கள் கப்பல் ஏறி அங்கே போனார்கள். முதலில் கிழக்குக் கடற்கரையில் குடியேறினார்கள். பிறகு மேற்கு நோக்கி நகர்ந்தார்கள். ஊர், சாலை, கடை, பள்ளிக்கூடம் எல்லாம் ஓர் இடத்தில் முடிந்துவிடும். அதற்கு அப்பால் காடு இருக்கும். அல்லது கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்வெளி இருக்கும். அந்த இடத்தைத்தான் எல்லைப்புறம் என்றார்கள். மக்கள் நகர நகர, எல்லைப்புறமும் நகர்ந்துகொண்டே போனது.

அந்தக் காடும் புல்வெளியும் ஆளில்லாத இடங்கள் அல்ல. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஆதிக்குடி மக்கள் அங்கே வாழ்ந்து வந்தார்கள். வந்தவர்களுக்கு அது புதிய நிலம். இருந்தவர்களுக்கு அது தாய்மண். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எல்லைப்புறக் கதை என்றால் பெரும்பாலும் ஆண்களின் கதைதான். மரம் வெட்டியவர், குதிரை ஏறியவர், துப்பாக்கி பிடித்தவர் என்று சொல்வார்கள். நிலப் பதிவேட்டிலும் ஆண்களின் பெயர்களே அதிகம். பெண்கள் என்ன செய்தார்கள்? என்ன சாப்பிட்டார்கள்? குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எங்கே போனார்கள்? இவை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. சில பெண்கள் எழுதி வைத்தார்கள். அதனால்தான் இன்று நமக்குத் தெரிகிறது.

அப்படி எழுதிய ஐந்து பெண்களைப் பற்றி இங்கே படிப்போம்.

கனடாக் காட்டில் இரண்டு சகோதரிகள்

கேத்தரின் பார் டிரெயில், சூசன்னா மூடி இருவரும் அக்காள், தங்கை. இங்கிலாந்தில் பிறந்தவர்கள். சின்ன வயதிலிருந்தே எழுதும் பழக்கம் உள்ளவர்கள். இருவரின் கணவர்களும் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். வருமானம் போதவில்லை. கனடாவில் நிலம் கிடைக்கிறது என்று விளம்பரம் செய்தார்கள். அதை நம்பிப் பலரும் கப்பல் ஏறினார்கள். 1832ஆம் ஆண்டு இந்த இரண்டு குடும்பங்களும் கனடா போய்ச் சேர்ந்தன.

அந்த ஆண்டு அங்கே காலரா பரவியிருந்தது. வழியிலேயே கேத்தரினுக்குக் காலரா கண்டது. எப்படியோ பிழைத்துக்கொண்டார். பிறகு காட்டுக்குள் பயணம். மரத்தை வெட்டி, கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வீடு கட்ட வேண்டும். மிச்ச மரங்களை எரித்து, அடிமரங்களுக்கு நடுவே விதைக்க வேண்டும். மரம் எரிக்கவும் வீடு கட்டவும் அக்கம்பக்கத்தார் ஒன்றுகூடி வருவார்கள். இன்று உனக்கு, நாளை எனக்கு என்று மாற்றி மாற்றி உழைப்பார்கள். வந்தவர்கள் அத்தனை பேருக்கும் சமைத்துப் போடுவது வீட்டுப் பெண்ணின் வேலை.

கேத்தரின் ஊருக்கு எழுதிய கடிதங்கள் 1836ஆம் ஆண்டு புத்தகமாக வந்தன. பின்னர் புதிதாக வரும் பெண்களுக்காகவே அவர் ஒரு வழிகாட்டி நூல் எழுதினார். ரொட்டிக்கு மாவு புளிக்க வைப்பது எப்படி, மெழுகுவத்தி செய்வது எப்படி, சோப்பு காய்ச்சுவது எப்படி என்று அதில் விளக்கினார். மேப்பிள் மரத்துச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கும் முறையும் அதில் உண்டு. பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பது போன்ற வேலை அது. காட்டுச் செடிகளையும் பூக்களையும் கவனித்து அவர் எழுதிய நூல்கள் இன்றும் பேசப்படுகின்றன. அவர் 97 வயது வரை வாழ்ந்தார்.

தங்கை சூசன்னாவின் குணம் வேறு. பட்ட கஷ்டத்தை மறைக்காமல் எழுதினார். அவருக்கு மாட்டைக் கண்டால் பயம். பால் கறந்ததே இல்லை. வேலையாள் இல்லாத ஒருநாள் வேறு வழியில்லாமல் கறந்தார். அதை ஒரு பெரிய வெற்றியாக எழுதியிருக்கிறார்.

1837ஆம் ஆண்டு, கடுங்குளிர்காலம். கணவர் வெளியே போயிருந்தார். வீட்டுக் கூரையில் தீப்பிடித்தது. வெளியே எங்கும் பனி. குழந்தைகளை எங்கே வைப்பது? சூசன்னா துணி வைக்கும் பெட்டகத்தின் இழுப்பறைகளைக் காலி செய்தார். அவற்றைப் பனியில் இழுத்துக்கொண்டு போனார். உள்ளே கம்பளி விரித்தார். ஒவ்வொரு இழுப்பறையிலும் ஒரு குழந்தையை வைத்து மூடினார். பிறகு மறுபடி வீட்டுக்குள் ஓடிச் சாமான்களைக் காப்பாற்றினார். குழந்தைகள் பிழைத்தார்கள்.

அந்த ஆண்டு இறுதியில் நாட்டில் கலகம் மூண்டது. கணவர் படைக்குப் போனார். குழந்தைகளையும் பண்ணையையும் கடனையும் சூசன்னாதான் பார்த்துக்கொண்டார். பகலெல்லாம் வேலை. இரவில் எழுத்து. மெழுகுவத்தி வாங்கப் பணம் இல்லை. பழந்துணியைத் திரித்துப் பன்றிக் கொழுப்பில் தோய்த்து ஒரு சீசாவில் செருகி ஏற்றினார். அந்த வெளிச்சத்தில் ஒரு பத்திரிகைக்கு எழுதினார். எழுத்துக்குக் கிடைத்த முதல் 20 டாலர் நோட்டைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்டார்.

1852ஆம் ஆண்டு அவருடைய புத்தகம் வெளிவந்தது. விளம்பரங்கள் சொல்லாத உண்மையை அது சொன்னது. உடல் உழைத்துப் பழகாதவர்கள் இந்தக் காட்டுக்கு வந்து அழிந்து போகாதீர்கள் என்று எச்சரித்தது.

160 ஏக்கர் சட்டம்

கனடாவிலிருந்து தெற்கே அமெரிக்காவுக்கு வருவோம். 1862ஆம் ஆண்டு அங்கே ஒரு சட்டம் வந்தது. குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் அதில் கையெழுத்திட்டார். அதன்படி ஒருவர் 160 ஏக்கர் அரசு நிலம் கேட்டு மனுச் செய்யலாம். அங்கே வீடு கட்ட வேண்டும். பயிர் செய்ய வேண்டும். ஐந்து ஆண்டுகள் குடியிருக்க வேண்டும். பிறகு நிலம் சொந்தமாகும். அரசுக்குக் கட்ட வேண்டிய கட்டணம் மொத்தம் 18 டாலர்தான்.

21 வயதான, திருமணம் ஆகாத பெண்ணும் மனுச் செய்யலாம். கணவனை இழந்த பெண்ணும் மனுச் செய்யலாம். அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம். ஆனால் கணவனோடு வாழும் பெண்ணுக்கு அந்த உரிமை இல்லை. குடும்பத் தலைவர் கணவன்தான் என்றது சட்டம்.

இந்தச் சட்டத்தின்கீழ் சுமார் 16 லட்சம் பேர் நிலம் பெற்றார்கள். அரசு நிலம் என்றார்களே, அந்த நிலம் அரசுக்கு எங்கிருந்து வந்தது? போர் செய்தும், ஒப்பந்தம் போட்டும், ஒப்பந்தத்தை மீறியும் ஆதிக்குடி மக்களிடமிருந்து எடுத்தது அது.

65 வயதில் முதல் புத்தகம்

லாரா இங்கல்ஸ் 1867ஆம் ஆண்டு விஸ்கான்சின் காட்டுப் பகுதியில் பிறந்தார். அவர் தந்தைக்கு ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. நல்ல நிலம் தேடிக்கொண்டே இருந்தார். குடும்பம் முழுவதும் கூண்டு வண்டியில் ஏறி ஊர் ஊராகப் போனது.

மினசோட்டாவில் ஓடைக்கரையைக் குடைந்து செய்த மண்வீட்டில் கொஞ்ச காலம் இருந்தார்கள். கோதுமை நன்றாக விளைந்தது. அறுவடைக்கு முன் வெட்டுக்கிளிகள் மேகம்போல வந்து இறங்கின. வயலில் ஒன்றும் மிஞ்சவில்லை. தந்தை பல நாள் நடந்து, கிழக்கே போய்க் கூலிக்கு அறுவடை செய்து பணம் கொண்டுவந்தார். அதுவரை தாய் சிறு பெண்களை வைத்துக்கொண்டு தனியாக இருந்தார்.

1879ஆம் ஆண்டு லாராவின் அக்காள் மேரிக்கு நோய் வந்து கண்பார்வை போனது. அப்போது மேரிக்கு வயது 14. கண்ணில் படுவதையெல்லாம் லாரா அக்காளுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். புல்லின் நிறம் என்ன, வானம் எப்படி இருக்கிறது என்று சொல்வார். பார்த்ததைச் சொல்லில் காட்டும் பழக்கம் இப்படித்தான் அவருக்கு வந்தது.

அடுத்து டகோட்டாவில் டி ஸ்மெட் என்ற சிற்றூருக்குப் போனார்கள். 1880 அக்டோபரில் தொடங்கிய பனிப்புயல் மறு ஆண்டு வசந்தம் வரை விடவில்லை. ரயில் நின்றுபோனது. கடையில் மாவு இல்லை. நிலக்கரியும் தீர்ந்தது. காய்ந்த புல்லை முறுக்கிக் கட்டையாக்கி அடுப்பெரித்தார்கள். காப்பிக் கொட்டை அரைக்கும் சிறு கைமிஷினில் கோதுமையை அரைத்து ரொட்டி சுட்டார்கள். அரைப்பதும் முறுக்குவதுமே நாள் முழுக்க வேலை. அந்தச் சிறு மிஷின் ஒருவர் மாற்றி ஒருவர் கையில் ஓடிக்கொண்டே இருந்தது.

16 வயது நிறையும் முன்பே லாரா பள்ளி ஆசிரியை ஆனார். சம்பளம் மேரியின் படிப்புக்கு உதவியது. மேரி பார்வையற்றோர் கல்லூரியில் படித்தார். 1885ஆம் ஆண்டு லாரா அல்மான்சோ வைல்டர் என்ற விவசாயியை மணந்தார். வறட்சி, கடன், தொண்டை அடைப்பான் நோய், பிறந்த சில நாட்களில் இறந்த ஆண் குழந்தை, தீயில் எரிந்த வீடு என்று சோதனைகள் வரிசையாக வந்தன. 1894ஆம் ஆண்டு மிசௌரிக்குக் குடிபோனார்கள்.

அங்கே லாரா கோழி வளர்த்தார். அதில் பெயர் வாங்கினார். 44ஆம் வயதில் விவசாயப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதத் தொடங்கினார். பிறகு பொருளாதார மந்தம் வந்து சேமிப்புப் பணம் போனது. அந்தச் சமயத்தில்தான் தன் இளமைக்காலத்தை எழுதினார். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் மலிவான நோட்டில் பென்சிலால் எழுதினார். பதிப்பாளர்கள் முதலில் வேண்டாம் என்றார்கள். மகள் ரோஸ் திருத்த உதவினார். 1932ஆம் ஆண்டு முதல் புத்தகம் வந்தது. அப்போது லாராவுக்கு வயது 65. 1943ஆம் ஆண்டுக்குள் எட்டுப் புத்தகங்கள் வந்துவிட்டன.

இந்தப் புத்தகங்களில் ஒரு குறையும் உண்டு. லாராவின் குடும்பம் கான்சாஸில் குடியிருந்த நிலம் ஓசேஜ் மக்களுக்கு உரியது. அனுமதி இல்லாமல்தான் அங்கே குடியேறினார்கள். அதைப் பற்றிய புத்தகம் 1935ஆம் ஆண்டு வந்தது. அங்கே மனிதர்களே இல்லை, ஆதிக்குடிகள்தான் இருந்தார்கள் என்ற பொருளில் அதில் ஓர் இடம் இருந்தது. அப்படியானால் ஆதிக்குடிகள் மனிதர்கள் இல்லையா? வாசகர் ஒருவர் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். லாரா தவற்றை ஒப்புக்கொண்டார். 1953ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த இடம் திருத்தப்பட்டது.

மறு கரையிலிருந்து ஒரு குரல்

அப்படி வாழ்ந்திருந்த ஆதிக்குடி மக்களில் ஒரு பெண் எழுதினால் எப்படி இருக்கும்? சாரா வின்னமக்கா எழுதினார். சுமார் 1844ஆம் ஆண்டு, இப்போது நெவாடா எனப்படும் இடத்தில் அவர் பிறந்தார். பையூட் இனத்தைச் சேர்ந்தவர். தாய்மொழியில் அவர் பெயருக்குச் சிப்பிப் பூ என்று பொருள்.

சாரா சிறுமியாக இருந்தபோது வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. கண்டவரைக் கொல்கிறார்கள் என்று பேச்சு. எல்லோரும் ஓடினார்கள். சிறு பிள்ளைகளால் வேகமாக ஓட முடியவில்லை. தாய்மார்கள் மண்ணைத் தோண்டினார்கள். சாராவையும் இன்னொரு சிறுமியையும் கழுத்தளவு புதைத்தார்கள். முகத்தில் வெயில் படாமல் புதர்ச்செடியை நட்டு மறைத்தார்கள். இரவு வந்துதான் தோண்டி எடுத்தார்கள். அதுவரை அசையாமல் மண்ணுக்குள் இருந்த பயத்தைச் சாரா எழுதியிருக்கிறார். மற்றப் பெண்களின் புத்தகங்களில் கூண்டு வண்டிக்குள் இருந்து பார்க்கிறோம். இங்கே அந்த வண்டி வருவதை மண்ணுக்குள் இருந்து பார்க்கிறோம்.

சாரா பள்ளியில் படித்தது மிகக் குறைவு. ஆனால் ஆங்கிலம், ஸ்பானியம், ஆதிக்குடி மொழிகள் சில அவருக்குத் தெரியும். அரசுக்கும் மக்களுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தார். குடியேறியவர்களின் மாடுகள் புல்விதைகளைத் தின்று தீர்த்தன. சுரங்கங்களுக்காகப் பைன் மரங்களை வெட்டினார்கள். அந்த விதைகளும் பைன் கொட்டைகளும்தான் பையூட் மக்களின் உணவு. பசி வந்தது. சண்டையும் வந்தது.

1879 ஜனவரியில் பையூட் மக்களை வீட்டை விட்டுக் கிளப்பினார்கள். பனியில் சுமார் 350 மைல் தூரம், மலைகளைக் கடந்து யாக்கிமா என்ற ஒதுக்கிடத்துக்கு ஓட்டிப் போனார்கள். கிழவர்களும் கைக்குழந்தைகளும் வழியில் குளிரில் இறந்தார்கள். சண்டையில் சேராத குடும்பங்களும் இதில் தப்பவில்லை.

சாரா சும்மா இருக்கவில்லை. தலைநகருக்குப் போய் அதிகாரிகளைப் பார்த்தார். 1880ஆம் ஆண்டு குடியரசுத் தலைவரையும் சந்தித்தார். வாக்குறுதி கிடைத்தது. அது நிறைவேறவில்லை. பிறகு நகரம் நகரமாகப் போய் மேடையில் பேசினார். 1883ஆம் ஆண்டு தன் மக்களின் கதையைப் புத்தகமாக வெளியிட்டார். அமெரிக்க ஆதிக்குடிப் பெண் ஒருவர் எழுதி, பதிப்புரிமையோடு வந்த முதல் நூலாக அதைச் சொல்கிறார்கள். நிலத்தைத் திருப்பித் தரக் கேட்கும் ஒரு மனுவையும் அதே புத்தகத்தில் சேர்த்திருந்தார்.

கேட்ட நிலம் கிடைக்கவில்லை. சாரா ஊர் திரும்பினார். பையூட் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். ஆங்கிலத்தோடு தாய்மொழியையும் பயன்படுத்திக் கற்பித்தார். பணம் இல்லாமல் சில ஆண்டுகளில் பள்ளி மூடப்பட்டது. 1891ஆம் ஆண்டு சாரா இறந்தார். இன்று அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டடத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. கையில் புத்தகம் ஏந்திய சிலை அது.

துணி வெளுத்தவர் எழுதிய கடிதங்கள்

எலினோர் புரூட் 1876ஆம் ஆண்டு பிறந்தார். இளம் வயதிலேயே தாய் தந்தையை இழந்தார். தம்பி தங்கைகளைக் காப்பாற்றும் பொறுப்பு வந்தது. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. டென்வர் நகரத்தில் துணி வெளுத்தும் வீட்டுவேலை செய்தும் பிழைத்தார். கையில் ஒரு பெண் குழந்தை. கோனி என்ற அம்மையார் வீட்டில் வேலை பார்த்தார். அந்த அம்மையார் முன்பு ஆசிரியையாக இருந்தவர்.

1909ஆம் ஆண்டு எலினோர் குழந்தையோடு வயோமிங் மாநிலத்துக்குப் போனார். அங்கே கிளைடு ஸ்டூவர்ட் என்ற பண்ணைக்காரர் வீட்டில் வேலை. வந்த சில வாரங்களிலேயே தன் பெயரில் நிலம் கேட்டு மனுப் போட்டார். நடந்ததையெல்லாம் கோனி அம்மையாருக்குக் கடிதமாக எழுதினார்.

ஒரு கடிதத்தில் புல் அறுத்த கதை வருகிறது. பண்ணைக்கு ஆள் கிடைக்கவில்லை. குதிரை பூட்டிய அறுவடை இயந்திரத்தை ஓட்ட எலினோருக்குச் சின்ன வயதிலேயே தெரியும். யாரிடமும் கேட்காமல் போய் ஓட்டினார். கிளைடு திரும்பி வந்து பார்த்து மகிழ்ந்தார். பால் கறந்தது, தோட்டம் போட்டது, பழம் பதப்படுத்தியது, பல மைல் தள்ளி இருந்த கிழவிக்குத் துணையாகப் போனது என்று எல்லாவற்றையும் சிரிக்கச் சிரிக்க எழுதினார். நகரத்தில் துணி வெளுத்துக் கூலி வாங்கும் பெண்கள் இதே உழைப்பை நிலத்தில் போட்டால் சொந்தக்காரர் ஆகலாம் என்றும் எழுதினார்.

கடிதங்களைப் படித்த கோனி அம்மையார் அவற்றை ஒரு பெரிய பத்திரிகைக்குக் கொடுத்தார். அங்கே வெளிவந்த பிறகு 1914ஆம் ஆண்டு புத்தகமும் ஆயின. 1979ஆம் ஆண்டு இந்தக் கதை சினிமாவாகவும் வந்தது.

எழுதாமல் விட்டவை

எழுதியவர்கள் எல்லாவற்றையும் எழுதிவிடவில்லை. எலினோர் அங்கே போன சில வாரங்களிலேயே கிளைடைத் திருமணம் செய்துகொண்டார். வெகு நாள் கழித்துத்தான் கடிதத்தில் அதைச் சொன்னார். அவர் நிலத்தின் கதையும் அப்படித்தான். திருமணத்துக்குப் பிறகு கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். சட்டத்துக்கோ ஒவ்வொரு நிலத்திலும் தனித்தனிக் குடியிருப்பு வேண்டும். 1912ஆம் ஆண்டு எலினோர் தன் மனுவை விட்டுக்கொடுத்தார். மாமியார் பெயரில் அந்த நிலத்துக்கு மனுப் போட்டார்கள். தனிப் பெண்ணாக நிலம் பெறலாம் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் தன் பெயரில் அதைப் பெறவில்லை. பின்னாளில் நிலப் பதிவேட்டைப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள்.

லாராவுக்கு ஒரு தம்பி பிறந்து ஒன்பது மாதத்தில் இறந்தான். குழந்தைகளுக்காக எழுதிய எட்டுப் புத்தகங்களில் அவன் இல்லை. லாரா முதலில் எழுதிய சுயசரிதையில் இருந்தான். அந்தச் சுயசரிதை 2014ஆம் ஆண்டுதான் அச்சில் வந்தது.

வெட்கம், துக்கம், பதிப்பாளரின் விருப்பம் என்று இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். எனவே ஒருவர் எழுதியதை மட்டும் படித்தால் போதாது. லாராவைப் படிப்பவர் சாராவையும் படிக்க வேண்டும். கடிதத்தைப் படிப்பவர் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். அப்போதுதான் முழுக் கதை தெரியும்.

பதிவேட்டில் என்ன இருக்கும்? பெயர் இருக்கும். 160 ஏக்கர் என்று இருக்கும். தேதி இருக்கும். இழுப்பறையில் படுத்த குழந்தை அதில் இருக்காது. காப்பி மிஷினில் அரைத்த கோதுமை இருக்காது. கழுத்தளவு மண்ணில் புதைந்திருந்த சிறுமி இருக்கவே மாட்டாள். பெண்கள் எழுதியதால்தான் இவை அழியாமல் இருக்கின்றன. கடிதம், பள்ளி நோட்டு, பென்சில், பழந்துணித் திரி, இவைதான் அவர்களிடம் இருந்தவை. அவை போதுமானவையாக இருந்தன.

கலந்து பேசுங்கள்

1. எல்லைப்புறம் யாருக்குப் புதிய நிலம்? யாருக்குத் தாய்மண்?

2. நிலச் சட்டம் திருமணம் ஆகாத பெண்ணுக்குக் கொடுத்த உரிமையைத் திருமணமான பெண்ணுக்கு ஏன் கொடுக்கவில்லை?

3. உங்கள் ஊரில் நிலப்பட்டா யார் பெயரில் இருக்கிறது? அந்த நிலத்தில் யார் யார் உழைக்கிறார்கள்?

4. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்த்த பஞ்சம், வெள்ளம், புயல் பற்றிக் கேளுங்கள். கேட்டதை ஒரு நோட்டில் பத்து வரி எழுதி வையுங்கள்.